விக்கிப்பீடியாவில் உங்கள் வரைவுக் கட்டுரை ஏற்கப்பட: புதியவர்களுக்கான வழிகாட்டி

ஆங்கில விக்கிப்பீடியாவில் புதிதாகக் கணக்குத் தொடங்கிய ஒருவர் எழுதும் கட்டுரை உடனே கலைக்களஞ்சியத்தில் இடம்பெற்றுவிடாது. கணக்குத் தொடங்கி 4 நாட்கள் கடந்து, குறைந்தது 10 திருத்தங்களையும் செய்த பிறகுதான் ஒருவர் நேரடியாகப் புதுக் கட்டுரை தொடங்க முடியும் என்ற கட்டுப்பாடு 2018 முதல் நிலையாக இருந்து வருகிறது. அதற்கு முன்பே எழுத விரும்புபவர்களும், வெளியிடுவதற்கு முன் அனுபவமுள்ள ஒருவர் பார்த்தால் நல்லது என்று நினைப்பவர்களும், வரைவு என்னும் தனிப் பகுதியில் எழுதி மதிப்பாய்வுக்கு அனுப்பலாம்.

இந்த மதிப்பாய்வு முறை 2005 டிசம்பரில் தொடங்கியது. ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கென்னடி கொலையோடு தொடர்புபடுத்திய ஒரு பொய், அவரைப் பற்றிய கட்டுரையில் சில மாதங்கள் யாராலும் திருத்தப்படாமல் கிடந்தது அந்த ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்தது. அதன் பின்னரே, கணக்கில்லாதவர்கள் புதுக் கட்டுரைகளைத் தொடங்குவது நிறுத்தப்பட்டு, அவர்கள் எழுதுவதைப் பிறர் சரிபார்த்து வெளியிடும் வழி திறக்கப்பட்டது. வரைவுகளுக்கென்று தனிப் பெயர்வெளி, அதாவது கட்டுரைகளிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட பகுதி, 2013 இறுதியில் வந்தது. மதிப்பாய்வாளர்கள் ஏன் சான்றைப் பற்றி இவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி உதவும்.

முதல் முயற்சியிலேயே ஏற்கப்படும் வரைவுகள் குறைவு. திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பலர் நடையைச் செப்பனிடுகிறார்கள், உட்தலைப்புகள் சேர்க்கிறார்கள், படங்கள் தேடுகிறார்கள். இரண்டாம் முறையும் வரைவு திரும்பி வந்ததும் மனமுடைந்து விலகிவிடுகிறார்கள். அவர்களுடைய உழைப்பு தவறான இடத்தில் செலவாகிறது என்பதுதான் எனக்கு வருத்தம். ஒரு வரைவு ஏற்கப்படுமா என்பது பெரும்பாலும் முதல் வரியை எழுதுவதற்கு முன்பே, கையில் என்ன சான்றுகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்து முடிவாகிவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டியிலும் சான்று தேடும் படிக்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

முதல் படி: எழுதுவதற்கு முன் சான்றுகளைத் தேடுங்கள்

விக்கிப்பீடியாவில் ஒரு பொருளுக்குத் தனிக் கட்டுரை இருக்கலாமா என்பதை முடிவு செய்யும் அளவுகோலுக்குக் குறிப்பிடத்தக்கமை என்று பெயர். புகழ், திறமை, நற்பண்பு, சமூகத்துக்குச் செய்த நன்மை ஆகியவற்றை இது அளப்பதில்லை. அந்தப் பொருளோடு தொடர்பில்லாத, நம்பத்தகுந்த வெளியீடுகள் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கின்றனவா என்பதை மட்டுமே அளக்கிறது. இந்த ஒரு வரையறைக்குள் மூன்று சோதனைகள் அடங்கியிருக்கின்றன: எழுதியவர் சுதந்திரமானவராக இருக்க வேண்டும், வெளியீடு ஆசிரியர் குழுவும் உண்மை சரிபார்ப்பும் உள்ளதாக இருக்க வேண்டும், எழுதப்பட்டது ஓரிரு வரிக் குறிப்பாக இல்லாமல் பொருளை நேரடியாக ஆராய்வதாக இருக்க வேண்டும். ஒரே சான்று இம்மூன்றையும் ஒருசேர நிறைவு செய்தால்தான் அது கணக்கில் சேரும்.

இதை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். பாலங்கள் கட்டிய ஒரு பொறியாளரைப் பற்றி எழுத நினைக்கிறீர்கள். தேடியதில் ஐந்து சான்றுகள் கிடைத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாவது, அவர் பணியாற்றிய நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள வாழ்க்கைக் குறிப்பு. அவர் எங்கே படித்தார், எந்த ஆண்டு பணியில் சேர்ந்தார் என்பவற்றை உறுதிசெய்ய அதைப் பயன்படுத்தலாம்; ஆனால் நிறுவனம் தன் ஊழியரைப் பற்றித் தானே எழுதியது என்பதால் குறிப்பிடத்தக்கமைக்கு அது உதவாது. இரண்டாவது, ஒரு நாளிதழில் வந்த முழுப்பக்கப் பேட்டி. பார்க்கப் பெரிதாக இருந்தாலும் அதில் பேசுபவர் அவரே. பேட்டிக்கு முன்னுரையாகச் செய்தியாளர் தாமே ஆராய்ந்து இரண்டு மூன்று பத்திகள் எழுதியிருந்தால், அந்தப் பகுதிக்கு மட்டும் ஓரளவு மதிப்பு உண்டு.

மூன்றாவது, அவர் கட்டிய பாலம் திறக்கப்பட்ட செய்தி மூன்று தளங்களில் வந்திருக்கிறது. அவற்றை அருகருகே வைத்துப் படித்தால் வாக்கியங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. எல்லாம் ஒரே செய்திக்குறிப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. இது மூன்று சான்று ஆகாது. சுதந்திரமான சான்றும் ஆகாது. நான்காவது, ஒரு விருதுப் பட்டியலில் அவருடைய பெயர். விருது கிடைத்தது உண்மை என்று காட்ட அது போதும், அதற்கு மேல் பயனில்லை. ஐந்தாவது, அவரோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் ஆய்வாளர் எழுதிய பாலப் பொறியியல் வரலாற்று நூல். அதில் நான்கு பக்கங்கள் இவருடைய வடிவமைப்பு முறையை அலசுகின்றன. ஐந்தில் இந்த ஒன்றுதான் மூன்று சோதனைகளிலும் தேறுகிறது. இதுபோல் இன்னும் இரண்டு கிடைத்தால் எழுதத் தொடங்கலாம். கிடைக்கும் வரை வேறு பொருளை எடுத்துக்கொள்வதே நல்லது.

மூன்று என்ற எண் எழுதப்பட்ட விதி அன்று. ஆனால் மதிப்பாய்வாளர்களிடம் பேசினால், "உங்களிடம் உள்ள மிகச் சிறந்த மூன்று சான்றுகளைச் சொல்லுங்கள்" என்று கேட்பதை அடிக்கடி காணலாம். முப்பது சான்றுகளை அடுக்கி அவற்றுள் மூன்று நல்லவற்றைப் புதைத்து வைப்பதைவிட, அந்த மூன்றை முன்னிறுத்துவது வரைவுக்குப் பெரிதும் நன்மை செய்யும். மதிப்பாய்வாளர் ஒரு தன்னார்வலர். அவர் ஒவ்வோர் இணைப்பையும் திறந்து படித்துப் பார்க்கத்தான் முயல்கிறார். முதல் ஐந்து இணைப்புகளும் வெறும் பெயர்க் குறிப்புகளாக இருந்தால், ஆறாவது நல்லதாக இருந்தாலும் அவருடைய நம்பிக்கை அதற்குள் தளர்ந்துவிடும்.

சான்றுகள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும், இணையத்தில்தான் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. இரண்டும் தேவையில்லை. எந்த மொழியில் வெளிவந்த நூலும் இதழும், தரமானவையாக இருந்தால் ஏற்கத்தக்கவை. அச்சில் மட்டும் உள்ளவையும் அப்படியே. ஆனால் படிக்க முடியாத மொழியில் உள்ள சான்றை மதிப்பாய்வாளர் எடைபோட நீங்கள்தான் உதவ வேண்டும். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றை முழுமையாகத் தாருங்கள். தலைப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பையும், முக்கியமான ஓரிரு வாக்கியங்களை மேற்கோளாகவும் அடிக்குறிப்பிலேயே சேருங்கள். அந்தச் சான்று பொருளை எத்தனை பக்கங்களில் விவாதிக்கிறது என்பதை வரைவின் பேச்சுப் பக்கத்தில் (வரைவைப் பற்றி உரையாடுவதற்கென்று அதனோடு இணைந்த பக்கம்) எழுதி வைத்தால் இன்னும் நல்லது.

வலைப்பதிவுகள், சமூக ஊடகப் பதிவுகள், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய தளங்கள், ஐஎம்டிபி போன்று பயனர்களே தகவல் தரும் தளங்கள் ஆகியவற்றைக் குறிப்பிடத்தக்கமைக்குச் சான்றாகக் காட்டாதீர்கள். மற்றொரு விக்கிப்பீடியாக் கட்டுரையும் சான்று ஆகாது. வேறு மொழி விக்கிப்பீடியாவில் அதே பொருளுக்குக் கட்டுரை இருப்பதும் வாதமாக எடுபடாது. ஒவ்வொரு மொழிச் சமூகமும் தன் விதிகளைத் தானே வகுத்துக்கொள்கிறது.

சில துறைகளுக்குத் தனி அளவுகோல்கள் உண்டு. பேராசிரியர்கள், நூல்கள், திரைப்படங்கள், இசைக் கலைஞர்கள், ஊர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் உள்ள வழிகாட்டலை எழுதுவதற்கு முன் படித்துவிடுங்கள். நிறுவனங்களுக்கான அளவுகோல் மற்றவற்றைவிடக் கடுமையானது. நிதி திரட்டியது, புதுக் கிளை திறந்தது, புதுத் தலைவரை நியமித்தது போன்ற வழக்கமான வணிகச் செய்திகள் எத்தனை இருந்தாலும் அங்கே செல்லாது.

தனி அளவுகோல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நன்கு அறியப்பட்ட ஒரு நிகழ்வு இருக்கிறது. கனடிய இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லாந்து பற்றிய வரைவு ஒன்று, கொடுத்த சான்றுகள் அவருடைய குறிப்பிடத்தக்கமையைக் காட்டவில்லை என்ற காரணத்தோடு 2018 மே மாதம் திருப்பி அனுப்பப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அவருக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. 1963இல் மரியா கோப்பர்ட் மேயர் பெற்றதற்குப் பிறகு அப்பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். இத்தனைக்கும் அவர் 2013இலேயே ஆப்டிகல் சொசைட்டி என்ற பெரிய அறிவியல் கழகத்தின் தலைவராக இருந்தவர். அத்தகைய பொறுப்பு வகித்திருப்பது பேராசிரியர்களுக்கான அளவுகோலின்படி தகுதியாகக் கருதப்படும். மதிப்பாய்வில் அது பிடிபடாமல் போனது. மதிப்பாய்வாளர் இன்னும் கவனமாக இருந்திருக்கலாம் என்பதே என் கருத்து. ஆனாலும் வரைவு எழுதுபவர் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது: உங்கள் பொருள் எந்த அளவுகோலின் எந்தக் கூறுப்படி தகுதி பெறுகிறது என்பதை முதல் பத்தியிலேயே சான்றோடு வெளிப்படச் சொல்லுங்கள், பேச்சுப் பக்கத்திலும் ஒரு வரி எழுதுங்கள். எல்லாத் துறைகளையும் அறிந்த மதிப்பாய்வாளர் யாரும் இல்லை.

இரண்டாம் படி: தனிக் கட்டுரை வேண்டுமா என்று பாருங்கள்

அந்தப் பொருள் வேறு பெயரிலோ வேறு எழுத்துக்கூட்டலிலோ ஏற்கெனவே இருக்கிறதா என்று விக்கிப்பீடியாவில் தேடுங்கள். ஏற்கெனவே இருப்பதால் திருப்பி அனுப்பப்படும் வரைவுகளும் உண்டு. முன்பு நீக்கப்பட்ட கட்டுரையாக இருந்தால், ஏன் நீக்கினார்கள் என்பதை அந்த விவாதத்தில் படித்துவிட்டு, அந்தக் குறையைத் தீர்க்கும் புதிய சான்று உங்களிடம் இருக்கிறதா என்று யோசியுங்கள். சான்றுகள் கொஞ்சமே இருக்கும்போது, தொடர்புடைய பெரிய கட்டுரையில் ஒரு பத்தி சேர்ப்பது பெரும்பாலும் சிறந்த வழி; அதற்கு மதிப்பாய்வும் தேவையில்லை, வாசகருக்கும் தகவல் உடனே போய்ச் சேரும்.

புதுக் கட்டுரையில் இறங்குவதற்கு முன் இருக்கும் கட்டுரைகளில் சிறு திருத்தங்கள் செய்து பழகுவதையும் வலியுறுத்திச் சொல்வேன். சான்றில்லாத ஒரு வாக்கியத்துக்குச் சான்று சேர்ப்பது, உடைந்த இணைப்பைச் சரிசெய்வது போன்ற பணிகளைச் சில வாரங்கள் செய்தால், அடிக்குறிப்பு எப்படி இடுவது, மற்றவர்கள் எதை ஏற்கிறார்கள், எதை அழிக்கிறார்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லித்தராமலே பிடிபட்டுவிடும்.

மூன்றாம் படி: உங்களுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பை வெளிப்படையாகச் சொல்லுங்கள்

உங்களைப் பற்றியோ, உறவினரைப் பற்றியோ, நீங்கள் வேலை செய்யும் இடத்தைப் பற்றியோ எழுதுவதை விக்கிப்பீடியா விரும்புவதில்லை. அப்படியும் எழுதுவதென்றால் வரைவு வழியாகத்தான் எழுத வேண்டும். தொடர்பை உங்கள் பயனர் பக்கத்தில் அறிவிக்கவும் வேண்டும். பணமோ சம்பளமோ பெற்று எழுதினால், யார் பணம் தருகிறார்கள், யாருக்காக எழுதுகிறீர்கள் என்பதை அறிவிப்பது கட்டாயம். 2014 முதல் இது, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனத்தின் பயன்பாட்டு விதிமுறைகளிலேயே இருக்கிறது. நிறுவனத்தின் செய்தித் தொடர்புப் பிரிவில் பணிபுரிபவர் தம் வேலையின் ஒரு பகுதியாக எழுதினாலும் அது இதில் அடங்கும். அறிவித்ததற்காக வரைவைத் திருப்பி அனுப்பமாட்டார்கள். மறைத்தது பிறகு தெரிய வந்தால் கணக்கே தடைசெய்யப்படலாம்.

நான்காம் படி: சான்றிலிருந்து எழுதுங்கள்

பெரும்பாலானோர் தமக்குத் தெரிந்ததை முதலில் எழுதிவிட்டு, பிறகு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சான்று தேடுகிறார்கள். இந்த வரிசைதான் பல வரைவுகளைக் கெடுக்கிறது. தெரிந்ததில் பாதிக்குச் சான்று கிடைக்காது. கிடைக்காத பாதியை வெட்ட மனம் வராது. மூன்று நல்ல சான்றுகளையும் எதிரே விரித்து வைத்துக்கொண்டு, அவை சொல்வதை மட்டும் உங்கள் சொந்தச் சொற்களில் எழுதத் தொடங்குங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதி முடித்ததுமே அடிக்குறிப்பைப் போட்டுவிடுங்கள். இப்படி எழுதினால் கட்டுரை சிறியதாகத்தான் வரும். எட்டுப் பத்து வாக்கியங்கள் கொண்ட, ஒவ்வொன்றுக்கும் உறுதியான சான்றுள்ள வரைவு, பாதிச் சான்றுள்ள நீண்ட வரைவைவிட எளிதாக ஏற்கப்படும்.

முதல் வாக்கியம் பொருள் என்ன என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டாவதோ மூன்றாவதோ அது ஏன் கலைக்களஞ்சியத்தில் இடம்பெறத்தக்கது என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டையும் படித்த மதிப்பாய்வாளருக்கு வேறெங்கும் தேடாமலே பொருள் விளங்கிவிட வேண்டும்.

நடையைப் பொறுத்தவரை, பாராட்டும் சொற்களே பெரிய பகை. தமிழில் சொல்லிக் காட்டுகிறேன். ஆங்கிலத்தில் எழுதும்போதும் சிக்கல் இதேதான். "உலகப் புகழ்பெற்ற தொலைநோக்குச் சிந்தனையாளரான இவர், தம் அயராத உழைப்பால் பாலப் பொறியியலில் ஒரு புரட்சியையே ஏற்படுத்தினார்" என்று ஒரு வரைவில் இருக்கிறது என்று கொள்வோம். இதில் சரிபார்க்கக்கூடிய தகவல் ஒன்றுகூட இல்லை. புகழ் யார் சொன்னது, புரட்சி எது, எப்போது என்ற கேள்விகளுக்கு விடை இல்லை. இதையே, "இவர் 1974 முதல் 1991 வரை 23 பாலங்களை வடிவமைத்தார், அவற்றுள் ஏழில், தூண்களைக் கரையிலேயே வார்த்து ஆற்றுக்குள் கொண்டுபோய் நிறுத்தும் முறையைக் கையாண்டார்" என்று எழுதி, பின்னால் நூலின் பக்க எண்ணைக் கொடுத்தால், அவருடைய பெருமை வாசகருக்குத் தானே புலப்படும். ஓர் ஆய்வாளர் உண்மையிலேயே அவரைப் புகழ்ந்திருந்தால், அந்தப் புகழ்ச்சியை அந்த ஆய்வாளரின் பெயரோடு சேர்த்துச் சொல்லலாம். உங்கள் குரலில் சொல்லக் கூடாது. விமரிசனம் இருந்தால் அதையும் அதற்குரிய அளவில் சேர்க்க வேண்டும். குறைகளை விட்டுவிட்டு நிறைகளை மட்டும் அடுக்கிய வரைவு, ஒவ்வொரு வரிக்கும் சான்று இருந்தாலும் விளம்பரம் என்றே முத்திரை குத்தப்படும்.

உங்கள் சொந்த முடிவுகளையும் சேர்க்காதீர்கள். ஒரு நூல் ஒன்றைச் சொல்ல, மற்றொரு நூல் வேறொன்றைச் சொல்ல, இரண்டையும் இணைத்து இரண்டிலும் இல்லாத மூன்றாவது முடிவுக்கு வருவது ஆய்வுக் கட்டுரைக்கு அழகு. கலைக்களஞ்சியத்தில் அதற்கு இடமில்லை. பல்கலைக்கழகங்களில் எழுதிப் பழகியவர்களின் வரைவுகள் இந்த ஒரு காரணத்தால் திரும்பி வருவதுண்டு.

பதிப்புரிமையில் எந்தச் சலுகையும் கிடையாது. பிற இடத்திலிருந்து படியெடுத்த பத்திகளையும், சொற்களை ஆங்காங்கே மாற்றிய நெருக்கமான தழுவலையும் மதிப்பாய்வாளர் கருவிகளைக் கொண்டு முதலிலேயே சோதிக்கிறார். கண்டுபிடித்தால் மற்ற எதையும் பார்க்காமல் வரைவை நீக்கக் கேட்பார். உங்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே எழுதிய பகுதி என்றாலும், அது கட்டற்ற உரிமத்தில் வெளியிடப்படாத வரை இங்கே ஒட்ட முடியாது. மற்றொரு மொழி விக்கிப்பீடியாவிலிருந்து மொழிபெயர்ப்பது அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் எந்த மொழியின் எந்தக் கட்டுரையிலிருந்து பெயர்த்தீர்கள் என்பதைத் தொகுப்புச் சுருக்கத்தில் (திருத்தத்தைச் சேமிக்கும்போது எழுதும் சிறு குறிப்பு) இணைப்போடு குறிப்பிட வேண்டும். மூலக் கட்டுரையில் சான்றுகள் குறைவாக இருந்தால், மொழிபெயர்ப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் தப்பாது.

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கட்டுரையை எழுதச் சொல்லி அப்படியே ஒட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள். அவை இல்லாத நூல்களையும் திறக்காத இணைப்புகளையும் சான்றாகக் காட்டிவிடுகின்றன. மனிதர் சரிபார்க்காமல் இட்ட அத்தகைய பக்கங்களை விவாதமின்றி நீக்கும் விதி ஒன்று 2025இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் சேர்க்கப்பட்டுவிட்டது. இல்லாத நூலைக் காட்டும் ஓர் அடிக்குறிப்பே பக்கத்தை நீக்கப் போதுமான அடையாளமாகலாம்.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும். சர்ச்சைக்கு இடமளிக்கக்கூடிய எந்தத் தகவலும், நல்லதோ கெட்டதோ, அதே வாக்கியத்தின் முடிவில் அடிக்குறிப்புப் பெற்றிருக்க வேண்டும். பிறந்த நாள், குடும்பத்தினர் பெயர் போன்றவை பரவலாக வெளியாகியிருந்தால் மட்டுமே சேருங்கள்.

ஐந்தாம் படி: அடிக்குறிப்புகளை ஒழுங்காக இடுங்கள்

காட்சித் தொகுப்பியில் (பக்கம் தோன்றும் வடிவிலேயே திருத்த உதவும் கருவி) உள்ள மேற்கோள் பொத்தானை அழுத்தி, இணைய முகவரியையோ நூலின் ஐஎஸ்பிஎன் எண்ணையோ இட்டால், பெரும்பாலும் விவரங்கள் தாமாகவே நிரம்பிவிடும். நிரம்பியதை ஒருமுறை சரிபாருங்கள். ஆசிரியர் பெயரும் தேதியும் சில நேரம் தவறாக வரும். இணைப்புகள் காலப்போக்கில் செத்துப்போகும் என்பதால், இணையப் பக்கங்களின் நகல்களைப் பாதுகாக்கும் இண்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் சேமித்த பக்கத்தின் முகவரியையும் சேர்த்து வைப்பது நல்ல பழக்கம். அடிக்குறிப்பின் வடிவம் பிசகியிருப்பதற்காக மட்டும் ஒரு வரைவைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று மதிப்பாய்வாளர்களுக்கான அறிவுரையிலேயே இருக்கிறது. பகுப்புகள் இல்லாமை, படம் இல்லாமை ஆகியவையும் அப்படியே. ஆகவே அலங்காரத்துக்கு நேரம் செலவிடாதீர்கள். படம் சேர்ப்பதானால் நீங்களே எடுத்த படத்தையோ கட்டற்ற உரிமமுள்ள படத்தையோ மட்டும் சேருங்கள். நியாயப் பயன்பாடு என்ற பெயரில் பிறருடைய பதிப்புரிமையுள்ள படங்களை வரைவுப் பக்கத்தில் பயன்படுத்த முடியாது.

ஆறாம் படி: அனுப்பிவிட்டுக் காத்திருங்கள்

வரைவின் மேற்பகுதியில் உள்ள நீலப் பொத்தானை அழுத்திச் சமர்ப்பித்ததும், அது மதிப்பாய்வுக்குக் காத்திருக்கும் பட்டியலில் சேரும். அது வரிசையாக நகரும் பட்டியல் அன்று. மதிப்பாய்வாளர் தமக்குத் தெரிந்த துறையிலோ விருப்பப்பட்ட பொருளிலோ எதை வேண்டுமானாலும் எடுப்பார். சில மணி நேரத்திலும் விடை வரலாம், பல வாரங்களும் ஆகலாம். காத்திருக்கும் காலத்தில் வரைவைத் தொடர்ந்து மேம்படுத்தலாம். மறுபடி மறுபடி சமர்ப்பிப்பதாலோ மதிப்பாய்வாளர்களின் பேச்சுப் பக்கங்களில் அவசரப்படுத்துவதாலோ பயன் இல்லை. வரைவுகளைத் தேடுபொறிகள் காட்டாதவாறு விக்கிப்பீடியா தடுத்து வைத்திருப்பதால், கூகுளில் வரவில்லையே என்று கலங்கவும் வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "நான் விக்கிப்பீடியா மதிப்பாய்வாளர், பணம் அனுப்பினால் உங்கள் வரைவை வெளியிட்டுத் தருகிறேன்" என்று யாராவது மின்னஞ்சல் அனுப்பினால் அது மோசடி. 2015இல் இப்படி இயங்கிய ஒரு கூட்டத்தின் 381 கணக்குகளை ஆங்கில விக்கிப்பீடியா ஒரே மூச்சில் தடைசெய்தது. திருப்பி அனுப்பப்பட்ட வரைவுகளைத் தேடிப்பிடித்து, அவற்றை எழுதியவர்களையும் அவற்றில் குறிப்பிடப்பட்டவர்களையும் அணுகிப் பணம் பறிப்பதே அவர்களுடைய வழியாக இருந்தது. மதிப்பாய்வுக்குக் கட்டணம் எப்போதும் கிடையாது. இத்தகைய கடிதம் வந்தால் பதில் எழுதாமல், விக்கிப்பீடியாவின் உதவிப் பக்கத்தில் தெரிவியுங்கள்.

ஏழாம் படி: திருப்பி அனுப்பப்பட்டால்

முதலில், திருப்பி அனுப்புதலும் நிராகரிப்பும் வேறு வேறு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். திருப்பி அனுப்பினால், குறையைச் சரிசெய்து மறுபடி சமர்ப்பிக்கலாம். நிராகரித்தால், இந்தப் பொருளுக்குக் கட்டுரை சாத்தியமில்லை என்று மதிப்பாய்வாளர் கருதுகிறார் என்று பொருள். சமர்ப்பிக்கும் பொத்தானும் மறைந்துவிடும். புதிய, வலுவான சான்று கிடைத்தால் நிராகரித்தவரிடமே பேசிப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் வேறு பொருளுக்குப் போவதே உத்தமம்.

திருப்பி அனுப்பும்போது வரைவின் தலையில் ஒரு பெட்டி வந்து உட்காரும். அதில் உள்ள நீண்ட பத்தி பொதுவான வார்ப்புரு, அதாவது எல்லா வரைவுகளுக்கும் பயன்படும் ஆயத்த வாசகம். அதற்குக் கீழே மதிப்பாய்வாளர் தம் கைப்பட எழுதிய ஓரிரு வரிகள் இருந்தால் அவற்றுக்குத்தான் முதலிடம் தாருங்கள். வார்ப்புருவில் குறிப்பிடத்தக்கமை என்று இருந்தால், அதற்கு மருந்து புதிய சான்று மட்டுமே. வாக்கியங்களை எவ்வளவு திருத்தினாலும் அது தீராது. சரிபார்க்க முடியவில்லை என்று இருந்தால், சான்று இருக்கலாம், அது எந்த வாக்கியத்துக்கு உரியது என்பது தெரியவில்லை. அடிக்குறிப்புகளை உரிய இடங்களில் இட்டால் போதும். விளம்பர நடை என்று இருந்தால், உரிச்சொற்களை நீக்குங்கள். நிறுவனமே தன்னைப் பற்றிச் சொன்னவற்றையும் வெட்டுங்கள். கட்டுரைப் போட்டிக்கு எழுதியது போலிருக்கிறது என்ற பொருளில் குறிப்பு இருந்தால், உங்கள் வாதத்தை எடுத்துவிட்டு மற்றவர்கள் சொன்னதைத் தொகுத்துச் சொல்லுங்கள்.

மதிப்பாய்வாளர் தம் மனத்தில் கேட்டுக்கொள்ளும் கேள்வி என்ன என்பது தெரிந்தால் இந்தக் குறிப்புகளெல்லாம் இன்னும் தெளிவாகும். கட்டுரை நிறைவாக இருக்கிறதா என்று அவர் பார்ப்பதில்லை. இதை ஏற்று வெளியிட்ட பின் யாராவது நீக்க முன்மொழிந்தால், விவாதத்தில் இது பிழைக்குமா என்பதே அவருடைய கேள்வி. பிழைக்க வாய்ப்பு அதிகம் என்று தோன்றினால் அவர் ஏற்க வேண்டும். நீங்களும் அந்த விவாதத்தை மனத்தில் நடத்திப் பாருங்கள். நீக்க வேண்டும் என்று வாதிடுபவர் உங்கள் சான்றுகளில் எதை முதலில் தாக்குவார் என்று யோசித்தால், எதை வலுப்படுத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

காரணம் புரியவில்லை என்றால் கேளுங்கள். மதிப்பாய்வாளரின் பேச்சுப் பக்கத்தில் கேட்கலாம். வரைவுகளுக்கென்றே ஓர் உதவி மேசை இருக்கிறது. புதியவர்களுக்காக 2012இல் தொடங்கப்பட்ட டீஹவுஸ் என்ற பக்கத்தில் பொறுமையோடு விடை சொல்பவர்கள் இருக்கிறார்கள். "ஏன் ஏற்கவில்லை?" என்று மட்டும் கேட்டால் வார்ப்புருவில் உள்ளதையே திரும்பச் சொல்வார்கள். "இந்த நூலின் நான்கு பக்கங்களும் இந்த இதழின் கட்டுரையும் போதுமானவையா, போதாவிட்டால் எவ்வகைச் சான்று தேவை?" என்று கேட்டால், பயன்படும் விடை கிடைக்கும். பெட்டியை அழிக்காதீர்கள், முந்தைய மதிப்பாய்வுகளின் பதிவு அடுத்தவருக்குத் தேவை. எந்த மாற்றமும் செய்யாமல் மீண்டும் அனுப்பவும் வேண்டாம். நல்ல பொருளும் அதனால் நிராகரிப்பில் போய் முடியும்.

உடனே திருத்த முடியவில்லை என்றால் விட்டுவைக்கலாம். ஆறு மாதங்கள் யாரும் தொடாத வரைவு நீக்கப்படக்கூடும். அப்படி நீக்கப்பட்டதை மீட்டுத் தரும்படி கேட்டால், பதிப்புரிமைச் சிக்கல் போன்ற காரணம் இல்லாத வரை மீட்டுத் தருவார்கள்.

ஏற்கப்பட்ட பிறகு

வரைவு கட்டுரைப் பகுதிக்கு நகர்த்தப்பட்டதும் உங்கள் பேச்சுப் பக்கத்தில் அறிவிப்பு வரும். மதிப்பாய்வாளர் கட்டுரைக்கு ஒரு தர மதிப்பீடும் இட்டிருப்பார். தொடக்க நிலை என்று இருந்தால் வருந்த வேண்டாம், பெரும்பாலான புதுக் கட்டுரைகள் அங்கேதான் தொடங்குகின்றன. புதுப் பக்கங்களைச் சரிபார்க்கும் வேறொரு குழுவினர் பார்த்து முடிக்கும் வரை, அல்லது 90 நாட்கள் ஆகும் வரை, தேடுபொறிகளில் அது வராமல் இருக்கலாம்.

கட்டுரையை உங்கள் கவனிப்புப் பட்டியலில் (நீங்கள் தேர்ந்தெடுத்த பக்கங்களில் நடக்கும் மாற்றங்களைக் காட்டும் பட்டியல்) சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் வாக்கியங்களை மாற்றுவார்கள், நீங்கள் அருமை என்று நினைத்த பத்தியை வெட்டுவார்கள்; அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. மாற்றம் தவறென்று தோன்றினால் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் சான்றோடு சொல்லுங்கள். தொடர்புடைய வேறு கட்டுரைகளிலிருந்து இதற்கு இணைப்புத் தாருங்கள். எந்தக் கட்டுரையிலிருந்தும் இணைப்பில்லாத பக்கத்தை வாசகர்கள் கண்டடைவது கடினம். தேடும்போது கிடைத்து, இந்தக் கட்டுரையில் பயன்படுத்த முடியாமல் போன சான்றுகளை ஒதுக்கிவிடாதீர்கள். அந்தப் பாலப் பொறியியல் வரலாற்று நூலில் இன்னும் எத்தனை பொறியாளர்களைப் பற்றி நான்கு நான்கு பக்கங்கள் இருக்கின்றன என்று புரட்டிப் பார்த்தால், அடுத்த வரைவுக்கான பொருள் அங்கேயே கிடைக்கும்.